இரண்டு மழையும் ஒரு சமுத்திரமும்



வறட்சி, வெள்ளம் என்னும் இரண்டையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்த நண்பர்கள், அவை ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை என்றும், ஆகையால் முற்பாதியில் வறட்சியைச் சொல்லி முடித்துவிட்டுப் பிற்பாதியில் வெள்ளத்துக்குப் போவேன் என்றும் எண்ணியிருக்கக்கூடும். வேறு தேசங்களில் அப்படிப் பேசலாம். தமிழ்நாட்டின் மழைச் சரித்திரத்தை நூற்றைம்பது வருஷங்களுக்காவது புரட்டிப் பார்த்தவர்களுக்கு, இங்கே ஒரே வருஷத்தில், சில வேளைகளில் ஒரே காரணத்தினால், காவிரி மெலிந்து கிடப்பதும் சென்னைத் தெருக்களில் படகு போவதும் நிகழக்கூடும் என்பது தெரியும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில், எல்லாருக்கும் தெரிந்ததும், தெரிந்திருப்பதாலேயே யாரும் நினைத்துப் பாராததுமான ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடி மாதம் பதினெட்டாம் நாள் காவிரிக் கரையில் சித்திரான்னமும் காதோலை கருகமணியுமாகக் கூடி நின்று புதுப்புனலை வரவேற்கிறோமே, அந்த நீர் நம் ஊரில் பெய்த மழையின் நீர் அன்று. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, தன் சரக்கில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் குடகிலும் கொட்டிவிட்டு, மலைக்கு இப்பாலுள்ள நமக்குப் பெரும்பாலும் வெறுங்காற்றாகவே வந்து சேருகிறது. குடகில் பெய்தது காவிரி வழியாகத் தஞ்சைக்கு வருகிறது. நம் தலைமேல் நேராகப் பெய்யும் பெருமழையோ, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலிலிருந்து வருகிற வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் வருஷாந்தர மழையில் ஏறக்குறையப் பாதி அந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கடற்கரை ஜில்லாக்களில் பாதிக்கும் மேல். பாரத தேசத்தின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் ஒரே மழையை நம்பிப் பிழைக்க, நாம் மட்டும் இரண்டு மழைகளை நம்பிப் பிழைக்கிறோம்.

இது ஒரு பெரிய பாக்கியம் என்றே நான் கருதுகிறேன். இரண்டு ஊர்களில் நிலம் வைத்திருக்கும் குடும்பம், ஓர் ஊரில் சாவியாகிப் போனாலும் மற்றோர் ஊர் விளைச்சலைக் கொண்டு அந்த வருஷத்தைத் தள்ளிவிடுவது போல, ஆற்றுநீர் பொய்த்துக் குறுவை போனாலும் ஐப்பசி மழையைக் கொண்டு சம்பாவைக் கரையேற்றலாம். ஐப்பசி பொய்த்தாலும் மேட்டூரில் தேங்கிய நீரைக் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம். இந்த நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கான வருஷங்கள் நெல்லை நம்பி வாழ முடிந்ததற்கு இந்த இரட்டை ஏற்பாடு ஒரு முக்கியமான காரணம். அப்படியானால் இரண்டும் ஒருசேரப் பொய்த்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை 1876-ஆம் வருஷம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த வருஷம் தென்மேற்குக் காற்று தக்காணத்திலும் மைசூரிலும் கைவிட்டது. அதை ஈடு செய்ய வேண்டிய வடகிழக்குக் காற்றும் சென்னை ராஜதானியில் கைவிட்டது. மறு வருஷத்துத் தென்மேற்கு மழையும் புரட்டாசி நெருங்கும் வரை சரிவரப் பெய்யவில்லை. மூன்று பருவங்கள் அடுத்தடுத்துப் போயின. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிரதேசங்களில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது அக்காலத்துச் சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்கு. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களின் கணக்குகள் இதற்கு மேலே போகின்றன. சாவுக்குத் தப்பியவர்களில் பலர் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். கண்டி மலைகளில் இன்று வாழும் நம் மக்களில் எத்தனையோ குடும்பங்களின் சரித்திரம் அந்த இரண்டு வருஷங்களில் தொடங்குகிறது.

அந்தப் பஞ்சத்தை மழை மட்டும் உண்டாக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் போனால் நான் சத்தியத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்திக்கொண்டிருந்த வேளையில், ஜனங்கள் இங்கே பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். தானியத்தின் விலையில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அன்றைய சித்தாந்தம். நெல்லும் கோதுமையும் கப்பலில் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. நிவாரண வேலைகளைப் பார்வையிட வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், கல் உடைக்கும் ஆண் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். அது உயிரைக்கூடத் தாங்காது என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதிய குறிப்புகள், அந்தக் காலத்து அதிகாரவர்க்கத்திலும் மனசாட்சி உள்ள ஒருவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி. 1877 புரட்டாசி, ஐப்பசியில் மழை திரும்பியபோது, நோஞ்சான் உடம்புகளை மலேரியா வாரிக்கொண்டு போயிற்று. வறட்சிக்குத் தப்பியவனை மழை கொன்றது.

புலவர்கள் அதையும் சிரித்துச் சொல்லத் துணிந்தார்கள். சிவகங்கைச் சமஸ்தானத்துப் புலவர் வில்லியப்ப பிள்ளை, பஞ்சத்துக்கு ஆற்றாமல் வந்து முறையிட்ட ஜனங்களைச் சொக்கநாதப் பெருமானே சிவகங்கை ஜமீன்தாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பிவைப்பதாக, 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' என்று ஒரு நூலே செய்தார். தெய்வத்தையே கையை விரிக்கச் செய்த அந்த நையாண்டிக்குள் இருக்கும் துக்கத்தை, புள்ளிவிவரங்களில் பார்க்க முடியாது.

சென்னையில் அந்தப் பஞ்சத்தின் அடையாளம் ஒன்று இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் காலத்தில், பட்டினிக் கூலிகளுக்கு வேலை கொடுப்பதற்காக, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய சுமார் 5 மைல் நீளமுள்ள கால்வாய்தான், பிற்பாடு அவர் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று வழங்கலாயிற்று. படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய அந்தக் கால்வாய், படகுகள் நின்றுபோன பிறகு நகரத்தின் வெள்ளத்தை வடிக்கும் வழிகளில் ஒன்றாயிற்று; பிறகு அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டோம். வறட்சி வெட்டிக் கொடுத்த வாய்க்காலை வெள்ளத்துக்குக்கூட விட்டுவைக்கவில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை பாலத்தின்மேல் நின்று கீழே பார்க்கலாம்.

இனி காரணத்துக்கு வருகிறேன். இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு பதவியேற்ற மறு வருஷமே தாது வருஷம் வந்துவிட்டது. மழை ஏன் பொய்த்தது என்று ஆராயத் தொடங்கிய அவர், அந்த வருஷங்களில் காற்றழுத்தம் இந்தியாவில் மட்டுமின்றி மிக விரிந்த ஒரு பிரதேசம் முழுவதிலும் வழக்கத்துக்கு மிஞ்சி உயர்ந்திருந்ததைக் கண்டார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு வானாராய்ச்சிக் கூடத்திலிருந்த சார்லஸ் டாட், தம் நாட்டு வறட்சிகளும் இந்திய வறட்சிகளும் சேர்ந்தே வருகின்றன என்று 1888-ல் எடுத்துக்காட்டினார். அதே தாது வருஷத்தை ஒட்டி வட சீனத்திலும், பூமியின் மறுபக்கத்தில் பிரேஸில் தேசத்து வடகிழக்கு மாகாணமான ஸியாராவிலும் கொடும்பஞ்சங்கள் நிகழ்ந்தன. இவை எல்லாம் தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனாலும் சரடு எங்கே இருக்கிறது என்பது அன்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்தச் சரட்டின் ஒரு நுனியைப் பிடித்தவர் ஸர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் இடம் பெற்ற அவர், வானிலை சாஸ்திரத்தில் முன் பழக்கம் ஏதுமில்லாமல் 1904-ல் இந்திய வானிலை இலாகாவின் தலைமையை ஏற்றார். மழை ஏன் பெய்கிறது என்பதைத் தத்துவமாக விளக்கப் புகாமல், உலகெங்குமுள்ள நிலையங்களின் அழுத்தம், உஷ்ணம், மழை இவற்றின் கணக்குகளைத் தருவித்து, ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பொருத்தம் காணும் மலையளவு வேலையைத் தம் இலாகாவின் குமாஸ்தாக்களைக் கொண்டு செய்வித்தார். கணிப்பொறி இல்லாத அந்தக் காலத்தில் அந்தக் கணக்குகளைப் போட்ட இந்தியக் குமாஸ்தாக்களின் பெயர்களைச் சாஸ்திர உலகம் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு குமாஸ்தா விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு உண்டு. அவர் வாக்கரின் இலாகாவைச் சேர்ந்தவரல்லர். 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த வாக்கர், அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ராமாநுஜத்தின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதிய கடிதம், அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்க ஒரு காரணமாயிற்று. மழையைத் தேடி வந்தவர் நமக்கு ஒரு மேதையைக் காப்பாற்றிக் கொடுத்தார். விஷயத்தை விட்டு விலகியதற்கு மன்னிக்க வேண்டும். சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

வாக்கர் கண்டது இதுதான்: பசிபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தோனேஷியா, வட ஆஸ்திரேலியா பக்கம் தாழ்கிறது, அங்கே உயரும்போது கிழக்கே தாழ்கிறது. இதற்குத் தென்கோள ஊசலாட்டம் என்று பெயரிட்டார். பெரு தேசத்துக் கடற்கரை மீனவர்கள் சில வருஷங்களில் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாகி மீன் அற்றுப்போவதைக் கண்டு 'எல்நினோ' என்று சொல்லிவந்தார்கள். காற்றின் ஊசலாட்டமும் கடலின் சூடும் ஒரே நாடகத்தின் இரண்டு பாத்திரங்கள் என்பதை ஜேகப் பியர்க்னஸ் விளக்கியது 1969-ல்தான். பசிபிக்கின் மேல்நீர் சூடேறி அந்தச் சூடு கிழக்கே நகர்ந்தால், மேகம் எழும்பும் இடமும் கிழக்கே நகர்கிறது. இந்தோனேஷியாவின் பக்கம் உலர்ந்த காற்று கீழே இறங்குகிறது. அதன் பாதிப்பு இந்தியா வரை எட்டித் தென்மேற்குப் பருவமழை மெலிகிறது. 1877-ல் நிகழ்ந்தது, நாம் அறிந்த எல்நினோக்களில் மிக வலிமையானவற்றுள் ஒன்று.

இதுவரை சொன்னது பாரத தேசம் முழுவதற்கும் பொது. நமக்கென்று விசேஷமானது இனிமேல்தான் வருகிறது. அதே எல்நினோ, ஐப்பசி பிறந்ததும் நம் விஷயத்தில் குணம் மாறிவிடுகிறது. இந்தோனேஷியாவின் பக்கம் அழுத்தம் உயர்ந்து நிற்பதால் அங்கிருந்து மேற்கு நோக்கிக் காற்று வலுத்து வீசுகிறது. அது வங்கக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவத்தைக் கெடுத்த அதே சமுத்திரம், வடகிழக்குப் பருவத்தைப் பெருக்குகிறது. பசிபிக் குளிரும் லாநினா வருஷங்களில் இது தலைகீழாக மாறும் பழக்கம் உண்டு.

நீங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்த உதாரணம் 2015. மிக வலிமையான எல்நினோ அது. அந்த வருஷம் தேசத்தின் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட 14 சதவீதம் குறைந்தது. கார்த்திகையிலோ நுங்கம்பாக்கத்தில் நவம்பர் ஒரு மாதத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிசம்பர் முதல் தேதி மறுபடியும் பெய்த பேய்மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வீதம் திறந்துவிட, அடையாற்றங்கரை ராத்திரியோடு ராத்திரியாக மூழ்கியது. மறு வருஷம் பசிபிக் குளிர்ந்தது. 2016-ல் காவிரி நீருக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிக்கொண்டிருந்த வேளையிலேயே ஐப்பசியும் கைவிட்டது: வழக்கமாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய பருவத்தில் 168 மில்லிமீட்டர். அவ்வளவு குறைந்த வடகிழக்குப் பருவத்தைத் தேட வேண்டுமானால் 1876-க்குத்தான் போக வேண்டும். மறுபடியும் இரண்டு மழையும் சேர்ந்து பொய்த்தன. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 ஜில்லாக்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ரேஷன் கடை இருந்ததால் தாது வருஷம் திரும்பவில்லை. டெல்டாக் குடியானவர்களின் கண்ணீர் திரும்பிற்று. 2019-ல், வெள்ளத்தில் மூழ்கி நான்கே வருஷம் ஆன சென்னைக்கு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, எல்நினோ என்றால் வெள்ளம், லாநினா என்றால் வறட்சி என்று யாரும் சூத்திரம் எழுதிக்கொள்ள வேண்டாம். 1997-ல் எல்நினோ மிக வலிமையாக இருந்தும் தேசத்தின் தென்மேற்கு மழை குறையவில்லை. 2021-ல் லாநினா இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அளவுக்கு மிஞ்சிப் பெய்தது. இந்து மகா சமுத்திரத்துக்கும் கிழக்கு மேற்காக ஒரு தனி ஊசலாட்டம் உண்டு என்பதை ஸாஜி, யமகாதா முதலியோர் 1999-ல் எடுத்துக்காட்டினர். 1997-ல் நம்மைக் காத்ததில் அதற்கும் பங்குண்டு. 1876-லேயே பாருங்கள், எல்நினோ தலைகாட்டத் தொடங்கிய அந்த வருஷத்தில் வடகிழக்கு மழை பெருகாமல் பொய்த்தது; 1877-ல்தான் திரும்பிற்று. சாஸ்திரம் நமக்குக் கொடுப்பது சாத்தியக்கூறுகளையே, வாக்குறுதிகளை அன்று. கருவிகள் இல்லாத காலத்தை அறிய மரங்களின் வளையங்களைப் படிக்கிறார்கள். எட்வர்டு குக் முதலியோர் 2010-ல் வெளியிட்ட ஆசியப் பருவமழை வறட்சிப் பட்டியலில் 1756 முதல் 1768 வரையும், 1790 முதல் 1796 வரையும் நீண்ட வறட்சிகள் தெரிகின்றன; தாது வருஷத்தைவிட நீண்டவை. கடந்த காலம் நாம் நினைப்பதைவிடக் கடுமையானது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

வெள்ளத்தின் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 1924 ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் ஒருசேரக் கொட்டிய மழையில், கேரளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் பிரளயம் வந்தது. மூணாற்றின் மலை ரயில் அதோடு போயிற்று. அதே மழை காவிரியிலும் கொள்ளிடத்திலும் கரைகளை உடைத்தது. 2018 ஆகஸ்டில் அதே மலைகளில் மறுபடியும் அப்படி ஒரு மழை. 22-ஆம் தேதி இரவு, ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே கட்டிய மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. காவிரிக்கு நீரைத் திருப்புவதற்காகவே கட்டிய அணை அது. அந்த வாரங்களில் கொள்ளிடம் வழியாக லட்சக்கணக்கான கன அடி கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, கடைமடைக் குடியானவர்கள் வாய்க்காலில் நீர் வரவில்லையே என்று மறியல் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே ஆறு, ஒரே வாரம், ஒரே ஜில்லாவுக்குள்.

நம் முன்னோர்களுக்குப் பசிபிக் சமுத்திரம் இருப்பதே தெரியாது. ஆனாலும் அவர்கள் கட்டிய ஏரியில் இந்த இரட்டைத் தன்மைக்கு விடை இருக்கிறது. கரை, மதகு, வரத்துக்கால் இவற்றைவிட நுட்பமானது கலிங்கு. ஏரி நிரம்பினால் உபரி நீர் கரையை உடைக்காமல் வழிந்து, கீழேயுள்ள அடுத்த ஏரிக்குப் போவதற்காகக் கட்டிய கல் தளம் அது. பழைய கலிங்குகளின்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைச் செங்கற்பட்டுப் பக்கத்தில் இன்றும் காணலாம். அடைமழைக் காலத்தில் அந்தக் கற்களின் இடைவெளியைத் திறந்தே வைத்திருப்பார்கள். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் போய்விடும். கார்த்திகை கழிந்து இனிப் பெருமழை இல்லை என்று தெரிந்ததும், களிமண்ணும் புல்கரணையுமாக அந்த இடைவெளிகளை அடைத்து, கலிங்குக்கு மேலும் ஓரிரண்டு அடி நீரைத் தேக்கிக்கொள்வார்கள். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்ற பழமொழி அவர்களுக்கு வெறும் அலங்காரம் அன்று. அது கலிங்கை அடைக்கும் தேதி. சீக்கிரம் அடைத்தால் கரை போகும். தாமதித்து அடைத்தால் கோடையில் நீர் போகும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே கல் வரிசையில் ஒரே ஊரார் கவனித்தார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்களில் இதற்கென்று ஏரி வாரியமே இருந்ததைப் படிக்கிறோம்.

இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்டால், வெள்ளத்துக்கு ஓர் அதிகாரி, வறட்சிக்கு மற்றோர் அதிகாரி, ஆக்கிரமிப்புக்கு வேறோர் அதிகாரி என்று விடை வருகிறது. வெள்ள வருஷத்தில் நீரைச் சீக்கிரம் கடலில் தள்ளியவருக்குப் பாராட்டு. வறட்சி வருஷத்தில் லாரியில் நீர் கொண்டுவந்தவருக்குப் பாராட்டு. இரண்டு வருஷங்களையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் கணக்கில் உள்ளன. அவற்றில் எத்தனைக்கு வரத்துக்கால் முழுவதும் திறந்திருக்கிறது என்பதே கேள்வி. புதிய அணை கட்டுவதைவிட இதைச் சரிபார்ப்பது முந்தித் தேவை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆகையால் உங்களிடம் எனக்கு உள்ள வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை எல்நினோ வருகிறது, வறட்சி நிச்சயம் என்று பத்திரிகையில் படித்தால், ஐப்பசியில் வெள்ளமும் வரக்கூடும் என்று சேர்த்துப் படியுங்கள். ஆவணி மாதமே உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு முறை நடந்துபோய், வரத்துக்காலில் வீடு முளைத்திருக்கிறதா, கலிங்கின் கீழ்ப் போக்கு அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் பத்துப் பேராகக் கையெழுத்திட்டு ஊராட்சிக்கும் கலெக்டருக்கும் மனு எழுதுங்கள். புரட்டாசிக்குள் எழுதுங்கள், ஐப்பசி பிறந்த பிறகு எழுதும் மனுவால் அந்த வருஷத்துக்குப் பயனில்லை.